பழைய கார் கழுவும் இயந்திரம்: திருத்துவதா, மாற்றுவதா?

திருகோணமலையில் என் சித்தப்பா நடத்திவரும் வாகன சேர்விஸ் நிலையத்தில் தானியங்கிக் கார் கழுவும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை இறக்குவதா, இருப்பதையே திருத்தி ஓட்டுவதா என்ற கேள்வி சென்ற மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஓயவில்லை. நான் மின் தொழில்நுட்பவியலாளன். அந்த இயந்திரத்தின் மின்சார வேலைகளை நெடுங்காலமாகப் பார்த்துவருபவன் என்பதால் விடை சொல்லும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது. விடைக்கு வந்து சேர்ந்த வழியை இங்கே விரிவாக எழுதுகிறேன். கடற்கரை ஊர்களில் இத்தகைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்கள் தங்கள் இயந்திரத்தையும் இவ்வாறு பார்த்துக்கொள்ளலாம்.

இயந்திரம் ஐரோப்பாவில் பாவிக்கப்பட்டு, பின்னர் இங்கே இறக்குமதியானது. வயது இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. கார் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அதன் இரு புறமும் தரையில் பதித்த தண்டவாளங்களின் மேல் ஒரு பெரிய இரும்புச் சட்டம் முன்னும் பின்னும் ஓடும். சட்டத்தின் இரு கால்களிலும் நிமிர்ந்து சுழலும் பக்கப் பிரஷ்கள், மேலே குறுக்காகச் சுழலும் கூரைப் பிரஷ், தண்ணீரும் சம்பூவும் மெழுகும் தெளிக்கும் குழாய்கள், கடைசியில் காற்றடித்து உலர்த்தும் புளோவர்கள் என்பனவே அதன் உறுப்புகள். மோட்டார்கள் எல்லாம் 400 வோல்ற்று மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடுகின்றன. அவற்றுக்குக் கட்டளையிடும் சுற்று 24 வோல்ற்றில் இயங்குகிறது. எது எப்போது ஓட வேண்டும் என்பதை பி.எல்.சி. எனப்படும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்கும் கேடிஎச் வான்களும், ஊர் ஆட்களின் வாகன்ஆர், ஆல்ட்டோ, விட்ஸ் கார்களும் அதற்குள் அதிகம் வருகின்றன. முச்சக்கர வண்டிகளை உள்ளே விடுவதில்லை. றெக்சின் கூரை பிரஷ்ஷைத் தாங்காது.

மழை தொடங்கியதும் முறைப்பாடுகள் மூன்றாகப் பெருகின. சட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது முதலாவது. காரின் இடப்பக்கத்தில் அழுக்கு மிஞ்சுகிறது என்பது இரண்டாவது. காய்ந்த பிறகு கறுப்புக் கார்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன என்பது மூன்றாவது. "தம்பி, ஒண்டைத் திருத்த மற்றது போகுது. இனி இதோட மல்லுக்கட்ட ஏலாது. வயசு போட்டுது" என்றார் சித்தப்பா. நாள் முழுவதும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்த மனிதருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வயது என்று ஒரு பழுது கிடையாது. எந்த உறுப்பு, ஏன் போனது என்று விரல் வைத்துக் காட்டாத வரைக்கும், மாற்றுவோம் என்ற முடிவு களைப்பினால் எடுத்த முடிவாகவே இருக்கும். புதிய இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் பழைய காரணங்கள் அங்கேயே காத்திருந்து அதையும் பிடித்துக்கொள்ளும். "சித்தப்பா, முதல்ல மூண்டுக்கும் காரணத்தைக் கண்டுபிடிப்பம். பிறகு நீங்கள் சொல்லுற மாதிரியே செய்வம்" என்று அவரிடம் அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

பாதி வழியில் நிற்கும் பழுதுதான் எல்லாவற்றிலும் தொல்லையானது. கார் பிரஷ்களுக்கு நடுவே அகப்பட்டிருக்கும். அதன் சொந்தக்காரர் வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மறுபடி பட்டனை அழுத்தினால் எதுவும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கிவிடும். அடுத்த காருக்கு நிற்காது, அதற்கடுத்த காருக்கு நிற்கும். வந்து வந்து போகும் இத்தகைய பழுதை மீற்றரைப் பிடித்துக்கொண்டு தேடிப் பயனில்லை. நாம் பார்க்கும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆகவே நான் முதலில் கேட்பது ஒரு கேள்விதான்: பழுது இடத்தோடு வருகிறதா, நேரத்தோடு வருகிறதா, காரோடு வருகிறதா?

சட்டம் எப்போதும் தண்டவாளத்தின் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்திலுள்ள தண்டவாளத்தையோ, அந்த நிலையில் வளைகின்ற கேபிளையோ, அந்த இடத்தை அறிவிக்கும் சென்சரையோ சந்தேகிக்க வேண்டும். இடம் மாறி மாறி, ஆனால் ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரம் கழித்தே நின்றால், ஏதோ ஒரு மோட்டார் சூடேறி, அதைக் காக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலே விழுகிறது, அல்லது பனல் எனும் மின்பெட்டிக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ஒரு கொன்டாக்டரோ பவர் சப்ளையோ சூட்டில் தளர்கிறது. உயரமான வான்களுக்கும் கூரைக் கம்பி போட்ட வாகனங்களுக்கும் மட்டும் நின்றால், கூரைப் பிரஷ்ஷின் சுமையிலும் ஒளிச் சென்சர்களிலும் தேட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் உதிரிப்பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டு போவதால்தான் பழைய இயந்திரங்கள் செலவாளிகள் என்று பெயர் எடுக்கின்றன.

அங்கே வேலை செய்யும் பெடியன்களிடம் ஒரு பெயின்ற் மார்க்கரைக் கொடுத்து, சட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதன் முன் விளிம்புக்கு நேரே சுவரில் ஒரு கோடு போடும்படி சொன்னேன். முன்னே போகும்போது நின்றால் நேர்க்கோடு, திரும்பி வரும்போது நின்றால் சாய்கோடு. அவர்கள் அதை மிகுந்த ஒழுங்கோடு செய்தார்கள். சில நாட்களில் சுவரைப் போய்ப் பார்த்தபோது, கோடுகள் அனைத்தும் ஒரு சாண் அகலத்துக்குள் நெருங்கி நின்றன. சாய்கோடு ஒன்றுகூட இல்லை. மோட்டாரையும் பி.எல்.சி.யையும் பற்றிய சந்தேகங்கள் அத்துடன் நீங்கின. ஓரிடத்தில், ஒரு திசையில் போகும்போது மட்டும் வருகிற பழுது பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கும்.

சட்டத்துக்கு மின்சாரமும் கட்டளைக் கம்பிகளும் போவது, மடிந்து விரியும் ஒரு பிளாஸ்டிக் கேபிள் சங்கிலி வழியாகும். சட்டம் நகரச் சங்கிலியின் வளைவும் கூடவே நகரும். ஆனால் சட்டம் இரண்டு மீற்றர் போனால் வளைவு ஒரு மீற்றர்தான் போகும். இந்தக் கணக்கு தெரிந்தால், சுவரிலுள்ள கோட்டைக் கொண்டே கேபிளின் எந்தப் பகுதி அந்நேரம் வளைந்திருந்தது என்று அளந்து குறித்துவிடலாம். குறித்த இடத்தை ஒருவர் கையால் மெல்ல வளைத்துக்கொடுக்க, நான் பனலில் அவசர நிறுத்தச் சுற்றின் முடிவில் மீற்றரைப் பிடித்திருந்தேன். 24 வோல்ற்றில் அசையாமல் இருந்த வாசிப்பு ஒரு வளைவில் சட்டென்று விழுந்து, கையை விட்டதும் மீண்டது.

அந்தச் சுற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இயந்திரத்திலுள்ள அவசர நிறுத்தப் பட்டன்கள், பிரஷ் அளவுக்கு மீறிச் சாய்ந்தால் திறக்கும் சுவிட்ச்கள், தண்டவாளத்தின் இரு முனைகளிலும் உள்ள கடைசி லிமிட் சுவிட்ச்கள் ஆகிய அனைத்தும் ஒரே தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தொடரில் எங்கே ஒரு கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். "அண்ணை, அந்த ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிவிட்டா நிக்காதுதானே?" என்று பெடியன்களில் ஒருவன் கேட்டான். நிற்காதுதான். கார் ஜன்னலைப் பூட்ட மறந்த ஒருவர் உள்ளே ஓடும்போதும், பிரஷ்ஷில் ஒரு சீலை சுற்றிக்கொள்ளும்போதும்கூட நிற்காது. பல இடங்களில் பழைய இயந்திரங்களில் இந்தச் சுற்று இவ்வாறு முறுக்கிவிடப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். நேரம் மிச்சம் என்று நினைத்துச் செய்யும் இந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டிவிட்டுக் கேபிளை வெளியே இழுத்தோம். வெளித்தோலில் ஒரு மயிரளவு வெடிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. தோலைக் கீறிப் பிரித்தபோது, வெடிப்பின் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. உள்ளே ஒரு கம்பியின் செப்பு இழைகள் கறுத்தும் பச்சை பிடித்தும், நகத்தால் தட்டினால் உதிரும் துண்டுகளாகவும் கிடந்தன. நேராக இருக்கும்போது துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரத்தை விட்டன, வளைந்தபோது விலகின. முன்பு எப்போதோ ஒருவர் திருத்தியபோது, சுவரில் நிலையாகப் பதிக்கும் வகையான கேபிளை அந்தச் சங்கிலிக்குள் போட்டிருக்கிறார். ஓயாமல் மடியும் இடத்துக்கு மிக நுண்ணிய இழைகளால் ஆன, பொலியுரித்தேன் தோல் போர்த்த சங்கிலிக் கேபிள் வேண்டும். அதையும் பொதுவாக அதன் விட்டத்தைப்போல் 7.5 முதல் 10 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளையவிட வேண்டும். சரியான கேபிள் கொழும்பிலிருந்து வந்தது. மற்றக் கம்பிகளையும் மோட்டார் சுருள்களையும் மின்காப்பை அளக்கும் 500 வோல்ற்று மெக்கரால் சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டிய இரண்டையும் சேர்த்து மாற்றினேன். மெக்கர் போடுவதற்கு முன் பி.எல்.சி.யையும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டரையும் கழற்றிவைக்க வேண்டும். இல்லையென்றால் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும். அதற்குப் பிறகு சுவரில் புதுக் கோடு விழவில்லை.

இடப்பக்கத்து அழுக்கு வேறொரு கதை. எல்லோரும் பிரஷ்ஷின் நார் தேய்ந்துவிட்டது என்றே நம்பினார்கள். ஆனால் இந்த வகை இயந்திரம் காரின் வடிவத்தை அறிவது பிரஷ் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டுதான். பிரஷ் கார்மீது அழுந்தினால் மோட்டார் கூடுதலாக இழுக்கும். குறித்த அளவைத் தாண்டியதும் பிரஷ்ஷைத் தாங்கும் கை பின்வாங்கும். குறைந்தால் மறுபடி நெருங்கும். கார் இல்லாமல் இரண்டு பக்கப் பிரஷ்களையும் சுழலவிட்டு கிளாம்ப் மீற்றரைப் பிடித்தபோது, இடது மோட்டார் வெறுமனே சுற்றுவதற்கே வலதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இழுத்தது. காரைத் தொடுவதற்கு முன்பே தொட்டுவிட்டதாகக் கணக்குப் போட்டு அது விலகி நின்றிருக்கிறது. கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினோம். எண்ணெய் பாலாக வந்தது. சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போய், பெயரிங் துருவேறியிருந்தது.

இங்கேதான் மாற்றுவதா திருத்துவதா என்ற கேள்வியில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்தப் பெயரிங்கின் ஓரத்தில் 6205 என்று பொறித்திருந்தது. அந்த இலக்கம் உள்ள பெயரிங்கை உலகில் எந்தக் கம்பனி செய்தாலும் உட்துளை 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15 என்பது மாறாது. எண்ணெய் சீலும் அவ்வாறே அளவு சொல்லி வாங்கக்கூடியது. இயந்திரத்தைச் செய்த கம்பனியைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. திருகோணமலையில் இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம். ஆகவே இயந்திரத்தின் உறுப்புகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இது அளவு சொல்லி வாங்கக்கூடியதா, அந்தக் கம்பனியிடம் மட்டுமே கிடைப்பதா என்று குறித்துக்கொண்டு போனேன். மோட்டார், பெயரிங், சொலினொய்ட் வால்வு, கொன்டாக்டர், சென்சர், தண்ணீர் தெளிக்கும் ஜெற் என்று பெரும்பாலானவை முதல் வகையில் விழுந்தன. இரண்டாவது வகையில் மிஞ்சியவை பி.எல்.சி.க்குள் இருக்கும் புரோகிராம், பட்டன் பலகையின் மின்னணுத் தட்டு, பிரஷ் கைகளின் வார்ப்பு மூட்டுகள் ஆகியவை மட்டுமே.

வெள்ளைப் புள்ளிகளுக்குக் காரணம் தண்ணீர். நிலையத்தில் கழுவுவதற்குக் கிணற்று நீரையே எடுக்கிறார்கள். கடலோர மணலில் தோண்டிய கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர் சாதாரணம். தென்மேற்குக் கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கிணறு இறங்க இறங்க உப்பும் ஏறும். கடின நீர் ஜெற் துளைகளை அடைக்கிறது, சம்பூவை நுரைக்கவிடாமல் வீணாக்குகிறது, காய்ந்ததும் புள்ளியாகப் படிகிறது. ரெசின் நிரப்பிய மென்னீராக்கியைப் போட்டால் முதல் இரண்டும் தீரும். ஆனால் அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்குமே தவிரக் குளோரைட்டைத் தொடாது. கிணற்று உப்பு அப்படியே இருக்கும். ஆகவே மென்னீராக்கியைக் கழுவும் நீருக்கு வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் தனி வால்வு போட்டுக் குழாய் நீரைக் கொடுத்தோம். எங்கள் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்து நீர். கடைசி அலசலுக்கு அதில் சிறிதளவே போதும். அடைபட்ட ஜெற்களைச் சித்திரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம். தரை ஓடு கழுவும் அசிட்டை அதற்குப் பாவிப்பவர்கள் உண்டு. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது சொட்டிய இடமெல்லாம் சட்டத்தின் நாகப் (துத்தநாகப்) பூச்சைத் தின்றுவிடும்.

இவ்வாறு மூன்று முறைப்பாடுகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் கிடைத்தன. அவற்றில் எதுவும் இயந்திரத்தின் முதுமை அல்ல. தவறான கேபிளும் தேய்ந்த சீலும் கிணற்று நீரும் புதிய இயந்திரத்தையும் இதே பாடு படுத்தும். முதுமை இருந்தது, யாருமே முறையிடாத இடத்தில். அது சட்டத்தில் இருந்தது.

சட்டம் உருக்கினால் ஆனது, உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்தது. 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள உருக்குக்கு இத்தகைய பூச்சு சராசரி 85 மைக்ரோனாவது இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரநியமம். நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பது. ஆகவே அது குறைந்துகொண்டேதான் போகும். காற்றின் அரிப்புத் தன்மையை வகுக்கும் ஐஎஸ்ஓ 9223 தரநியமத்தில், உப்புக் காற்று மிகுந்த கடலோரங்களைக் குறிக்கும் சி5 வகையில் நாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை கரையும் என்று கணித்திருக்கிறார்கள். 85ஐ அவற்றால் வகுத்தால் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரும். கிழக்கே திறந்த கடலும் மேற்கே உட்துறைமுகமும் இருக்க நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் நகரில் இந்தக் கணக்கை இலேசாக எடுக்க முடியாது.

ஏணி வைத்து ஏறி, மேலிருந்து கீழ்வரை சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பிரஷ்ஷின் தண்ணீர் நாள்தோறும் அடித்து வழியும் இடங்களில் சட்டம் நன்றாகவே இருந்தது. மோசமாக இருந்தவை தண்ணீரே படாத இடங்கள்: மேல் விட்டத்தின் முதுகுப்புறம், கேபிள் தட்டின் அடிப்பக்கம், புளோவருக்குப் பின்னாலுள்ள மூலைகள். மேலே கூரை இருப்பதால் மழையும் அவற்றை அலசுவதில்லை. காற்று கொண்டுவந்து ஒட்டும் உப்பு அங்கேயே தங்கி, இரவின் ஈரத்தில் கரைந்து, நாகத்தைத் தின்றுவிட்டு இரும்புக்கு வந்துவிட்டது. அடித்தகட்டில், இடது காலின் பற்றவைப்பு ஓரத்தில், சுத்தியலின் ஓசை கணீரென்று வராமல் மொத்தென்று வந்தது. நண்பர் ஒருவரிடமிருந்து அல்ட்ராசொனிக் தடிப்பு மானியை வாங்கி அளந்தேன். 8 மில்லிமீற்றர் தகடு அந்த ஓரத்தில் ஏறக்குறைய 7ஆக இறங்கியிருந்தது. மற்ற இடங்களில் தேய்வு மிகக் குறைவு. சட்டம் மோசமானால் மற்ற எதையும் திருத்திப் பயனில்லை. அது விழுந்தால் ஒரு காரின்மீதோ ஒரு பெடியன்மீதோதான் விழும். அதனால் முடிவை நிர்ணயிக்க வேண்டியது இந்த அளவுதான் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

அடுத்து பி.எல்.சி. அது இன்று உற்பத்தியில் இல்லாத தலைமுறையைச் சேர்ந்தது. ஒரு மின்னலோ மின்னழுத்த ஏற்றமோ அதைக் கொன்றால், பாவித்த ஒன்றைத் தேடி எடுத்தாலும் அதற்குள் போட வேண்டிய புரோகிராம் எங்களிடம் இல்லை. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் நான் பயந்தது இதற்குத்தான். நல்லவேளையாக, இயந்திரத்தோடு வந்த மின்சுற்று வரைபடங்கள் பத்திரமாக உள்ளன. கழுவும் ஒழுங்கு எனக்கு மனப்பாடம். இப்போது கடையில் கிடைக்கும் ஒரு பி.எல்.சி.யைப் போட்டு, புரோகிராமை நானே எழுதி, மூலப் பிரதியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்துவிட்டால், கம்பனியை நம்பியிருக்க வேண்டிய பெரிய விடயம் ஒன்று தீர்ந்துவிடும்.

புதிய இயந்திரத்தையும் நாங்கள் நேர்மையாக விசாரித்தோம். விலை யூரோவிலோ டொலரிலோ சொல்லப்படுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்து, மே மாதத்தில் 360 ரூபாயை எட்டி, பின்னர் 300 ரூபாயை ஒட்டி இறங்கியது. அதற்கு முன்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த விலை அத்துடன் அப்பால் போய்விட்டது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். அதற்கு மேல் புதிய தண்டவாள அகலத்துக்காகக் கொங்கிரீட்டை உடைப்பது, எண்ணெய் பிரிக்கும் தொட்டியையும் வடிகாலையும் அதற்கேற்ப மாற்றுவது, அந்த மாற்றங்களைச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்கு ஏற்ப ஒழுங்கு செய்வது, அத்தனை காலமும் நிலையத்தை மூடிவைப்பது என்று விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள் வரிசையாக நிற்கின்றன. பிரஷ்ஷே இல்லாமல் அழுத்த நீரால் மட்டும் கழுவும் வகையைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். பிரஷ் செய்யும் வேலையை அங்கே தண்ணீரின் வேகமும் இரசாயனத்தின் காரமும் செய்ய வேண்டும். கச்சான் காற்றில் படிந்து வெயிலில் இறுகிய புழுதிப் படலம் அதற்கு முழுமையாக அசைவதில்லை. கிணறு வற்றும் மாதங்களில் கூடுதல் தண்ணீர் கேட்கும் இயந்திரத்தை இந்த ஊருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒரு விடயத்தில் சித்தப்பா சொன்னதே சரி. 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. புதுக் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. பல வருடம் காத்திருந்து பெரும் பணம் கொடுத்துக் கார் எடுத்தவர், நுனி பிளந்த பழைய பொலிஎதிலீன் நார் அதன்மீது சுழல்வதைப் பார்க்கச் சம்மதிக்கமாட்டார். "பிரஷ்ஷப் பாத்தவுடனே சனம் காரைத் திருப்பிக்கொண்டு போகுது" என்றார் அவர். அதனால் நாரை எடுத்துவிட்டு, தண்ணீரை உறிஞ்சாத ஃபோம் பட்டைகளைப் போடப் போகிறோம். பிரஷ் தொடுவதற்கு முன் மணலை அலசிவிடும் முன்கழுவல் நேரத்தையும் புதிய புரோகிராமில் கூட்டிவைப்பேன். கீறலை உண்டாக்குவது பெரும்பாலும் காரில் ஏற்கெனவே இருக்கும் மணல்தான்.

முடிவாக, இயந்திரத்தை மாற்றவில்லை. கேபிளும் கியர் பெட்டியும் தண்ணீர் ஒழுங்கும் முடிந்துவிட்டன. வரும் கச்சானுக்குள், ஒக்டோபர் மழைக்கு முன்பாக, பனலையும் பி.எல்.சி.யையும் மாற்றுவேன், இடது காலின் அடியில் துருவைச் சுரண்டி, தகடு பற்றவைத்து, நாகம் செறிந்த பெயின்ற் பூசுவோம். மாலையில் வேலை முடிந்ததும் சட்டத்தின் முதுகையும் மூலைகளையும் குழாய் நீரால் அலசிவிடும் பொறுப்பு பெடியன்களுடையது.

மாற்றும் நாளையும் இப்போதே எழுதிவைத்திருக்கிறோம், திகதியாக அல்லாமல் அளவாக. ஒவ்வொரு ஆண்டும் மாரி முடிந்ததும், பெயின்ற்றால் குறித்த அதே இடங்களில் தகட்டின் தடிப்பை அளக்க வேண்டும். 8 மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு எந்த இடத்திலாவது போய்விட்டாலும், பற்றவைத்த இடத்தில் வெடிப்புக் கண்டாலும், பிரஷ் கையின் வார்ப்பு மூட்டு உடைந்தாலும் அன்றே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு திருத்தம் பற்றிய பேச்சு இல்லை. இதை ஏற்றுக்கொண்ட சித்தப்பா தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "சரி தம்பி, ஆனா மாதா மாதம் கொஞ்சம் காசு புதுசுக்கெண்டு பாங்கில போட்டு வைப்பம். அந்த நாள் வரேக்க கடன் எடுக்க ஏலாது." கணக்கு ஏற்கெனவே திறந்தாகிவிட்டது, வாகனம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கழுவும் கூலியிலிருந்து ஒரு பங்கு அதற்குள் போகிறது.